பதிவேட்டில் இரண்டு, வீட்டில் ஐந்து

மலாவியின் தலைநகரான லிலோங்வேயில், பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சில ஆண்டுகள் கணக்காளராகப் பணியாற்றினேன். ஜாம்பியா எல்லையை ஒட்டிய ம்சின்ஜி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வரும் குழந்தைப் பதிவேடுகளைச் சரிபார்த்து, நன்கொடையாளர்களுக்குக் காலாண்டு அறிக்கை அனுப்புவது என் பொறுப்பு.

முதல் வாரத்திலேயே ஒரு சொல் என்னைத் தடுமாற வைத்தது. ஐ.நா. அமைப்புகளின் வரையறைப்படி, தாய் தந்தையரில் ஒருவரை மட்டும் இழந்திருந்தாலும் 18 வயதுக்குட்பட்ட குழந்தை 'ஆர்ஃபன்' கணக்கில் சேர்ந்துவிடும். அதை நான் மனத்துக்குள் 'அநாதை' என்றே மொழிபெயர்த்து வைத்திருந்தேன். நம் சொல்லுக்கு நாதியற்றவர் என்று பொருள். பதிவேட்டில் இருந்த பிள்ளைகளுக்கோ பெரும்பாலும் தாயோ பாட்டியோ தாய்மாமனோ இருந்தார்கள். அங்கு பேசப்படும் சிச்சேவா மொழியில் இப்படிப்பட்ட குழந்தையை 'ம்வானா வமாசியே' என்பார்கள். கைம்பெண்ணுக்கும் அதே 'மாசியே'தான். பறிகொடுத்ததை மட்டுமே அந்தச் சொல் சொல்கிறது. யாருமில்லை என்று சொல்வதில்லை.

எய்ட்ஸ் ஒரு தலைமுறைப் பெற்றோரைக் கொண்டுபோன காலத்தில் பெருகியவை இத்தகைய நிறுவனங்கள். அமெரிக்கா 2003-இல் தொடங்கிய பெப்ஃபார் என்னும் எய்ட்ஸ் நிவாரணத் திட்டத்தில், நிதியின் 10 சதவீதம் இக்குழந்தைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. மலாவி அரசு 2004 முதல் எச்.ஐ.வி. மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கிய பிறகு இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால், யார் இறந்தார்கள் என்று பார்த்து உதவி தரும் வழக்கம் எங்கள் அலுவலகத்தில் அப்படியே நீடித்தது.

ஒரு பிப்ரவரி மாதம் கள ஆய்வுக்குப் போனேன். அறுவடை ஏப்ரலில்தான்; குதிர்கள் காலியாகிவிடும் மாதங்கள் அவை. கிராமத்துப் பெண்கள் ஊதியமின்றி நடத்தும் மழலையர் மையத்தில், வழக்கமாக வீடுகளிலிருந்து வரும் மக்காச்சோள மாவு வரவில்லை என்பதால் அன்று 'பாலா' கஞ்சி காய்ச்சவில்லை. எங்கள் அறிக்கையிலோ அந்த மையம் 'இயங்குகிறது' என்றுதான் இருந்தது. அதை எழுதி அனுப்பியவன் நான்.

அங்கிருந்து ஒரு பாட்டியின் வீட்டுக்குச் சென்றோம். எங்கள் பதிவேட்டில் அந்த வீட்டுக்கு இரண்டு குழந்தைகள். வாசலில் நின்றவர்களோ ஐந்து பேர். இருவர் இறந்துபோன மூத்த மகளின் பிள்ளைகள். மற்ற மூவரும் இளைய மகளுக்குப் பிறந்தவர்கள். அவர்களுடைய தந்தை வேலை தேடித் தென்னாப்பிரிக்கா போனவர், நான்கு ஆண்டுகளாகத் தகவலே இல்லை. அவர் உயிரோடு இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்பதால் இந்த மூவரும் எங்கள் கணக்கில் வரவில்லை.

பள்ளி திறந்தபோது பதிவேட்டுக் குழந்தைகளுக்கு ஆளுக்கு ஐந்து நோட்டுப் புத்தகங்கள் கொடுத்திருந்தோம். பாட்டி அவற்றை எடுத்து வந்து காட்டினார். பத்து நோட்டுகளின் கம்பிகளையும் கழற்றி, ஒவ்வொரு நோட்டின் தாள்களையும் இரண்டாகப் பிரித்து, சாக்கு ஊசியால் தைத்து இருபதாக்கியிருந்தார். அட்டை போதாத இடத்தில் சிமெண்டுப் பையின் காகிதம். ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு நான்கு. அலுவலகத்தில் நாங்கள் போடத் தவறிய வகுத்தல் கணக்கை அவர் போட்டிருந்தார்.

அரசின் 'ம்டுகுலா பகோமோ' பண உதவித் திட்டம் 2006-இல் சோதனையாகத் தொடங்கியதும் இதே ம்சின்ஜியில்தான். வீட்டைத் தூக்கி நிறுத்துவது என்று அதன் பெயருக்குப் பொருள். யார் இறந்தார் என்று அது கேட்பதில்லை. வீடு மிக வறியதா, உழைக்கும் வயதில் உடல்வலு உள்ளவர் இருக்கிறாரா, ஒருவரை மூன்று பேருக்கு மேல் நம்பியிருக்கிறார்களா என்று கேட்கிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்காகக் கூடுதல் தொகையும் உண்டு. எங்கள் முறையைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம். ஆயினும் பகுதிக்குப் பத்து சதவீத வீடுகளே என்று வரம்பு கட்டியதால், கூலி வேலைக்குப் போகும் இளைய மகள் ஒருவரையே ஆறு பேர் நம்பியிருந்த அந்தப் பாட்டியின் வீடு பட்டியலுக்கு வெளியே நின்றது. பதினோராவது வீட்டின் வறுமை பத்தாவதைவிடக் குறைவு என்று அந்த ஊரில் எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எங்களைப் பார்க்க வந்த நன்கொடையாளர்களில் சிலர், விடுதிக் கட்டடம் எங்கே என்று கேட்பார்கள். பெயர்ப்பலகை வைத்த கட்டடம் புகைப்படத்தில் நன்றாக விழும். பாட்டி வீட்டுத் திண்ணை விழாது. குடும்பத்தோடு வளர்ப்பதே முதல் வழி என்று ஐ.நா. 2009-லேயே நெறிமுறை வகுத்துவிட்டது என்பதை அவர்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ தெரியாது.

அடுத்த காலாண்டில் அந்த வீட்டுக்கு ஐந்து பேருக்கும் நோட்டும் சீருடையும் அனுப்பி, படிவத்தில் இரண்டு என்று இருந்த இடத்தில் ஐந்து என்று எழுதினேன். தணிக்கையாளர் விளக்கம் கேட்டார். நோட்டுக் கணக்கையே இரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: "செலவு ஏற்கப்பட்டது, இனி முன் அனுமதி பெறவும்."