கீழ்ப்பாக்கத்தில் ஒரு மிஷன் கூடுகை: போய்வந்த கதை

பிரஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவைச் சேர்ந்த சபைகள் சிலது சேர்ந்து உலக மிஷன் ஊழியம் பற்றிச் சென்னையில் ஒரு கூடுகை வைக்கிறார்கள் என்று எங்கள் சபைக்கு அழைப்பு வந்தது. ஆயர் என்னைப் பார்த்து, "தம்பி, வருஷா வருஷம் மிஷனெரி ஞாயிறுக்குத் தனியா காணிக்கை எடுக்கிறோம். இந்த ஊழியமெல்லாம் எப்படி நடக்குதுன்னு நீங்களாவது போய்க் கேட்டுட்டு வாங்க" என்றார்.

இதுமாதிரி கூட்டத்துக்குப் போக நினைப்பவர்கள், கூகுள் ஃபார்ம் நிரப்பினால் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். சபை முத்திரையோடு ஆயரின் கடிதம் கேட்பார்கள். சாப்பாட்டுக் கூப்பனைப் பதிவு மேசையிலேயே கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். சபை எது என்ற இடத்தில் நான் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, என்று போட்டிருந்தேன். மேசையில் இருந்த பையன், "1908-லயே இங்க இருந்த பிரஸ்பிட்டேரியன்காரங்க தென்னிந்திய ஐக்கிய சபையில சேந்துட்டாங்கண்ணே. அதுதான 1947-ல சி.எஸ்.ஐ.ல கலந்துச்சு? நீங்களும் கால்வாசி நம்ம ஆளுதான்" என்று பேட்ஜை நீட்டினான்.

முதல் அமர்வு வரலாறு. ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆண்டர்சன் 1837-ல் தொடங்கிய பள்ளி, அது மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது, 1937-ல் தாம்பரத்துக்கு இடம் மாறியது, அடுத்த வருஷமே உலக மிஷனெரி மாநாடு அங்கே கூடியது. சென்னைக்காரர்களுக்குப் பாதி தெரிந்த கதைதான். ஏசி வேறு நன்றாக இருந்தது. பின்வரிசையில் ரெண்டு மூணு தலைகள் சாய்ந்தன.

குழுவாகப் பிரிந்து உட்கார்ந்த பிறகுதான் கூட்டம் களைகட்டியது. என் மேசையில் மிசோரமிலிருந்து வந்த ஒரு அக்கா, பாளையங்கோட்டையிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பாட்டி. மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபை தன் மிஷனெரிகளை எப்படித் தாங்குகிறது என்று அக்கா சொன்னார். ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டுவிடுவார்களாம். சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய் அதைச் சேகரித்து, விற்று, பணத்தைச் சபையில் கட்டுவார்கள். 1910-ல் ஆரம்பித்த பழக்கம், இன்றைக்கும் நடக்கிறது.

"ஒரு பிடின்னா எம்புட்டு?" என்றார் பாட்டி. அக்கா விரல்களை மடக்கிக் காட்டினார். பாட்டி அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சின்னக் கையில்லா! எங்கூர்ல கலயத்துல நாங்க போடுதது இதவிடக் கூட இருக்கும்" என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. 1903-லேயே இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கிய திருநெல்வேலிச் சீமைக்காரர், அந்த மிடுக்கு இல்லாமல் இருக்குமா?

உருப்படியான அமர்வு ஒரு ஆடிட்டருடையது. அதைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்திருந்தார்கள்! வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் 2020 திருத்தத்தை அவர் புட்டுப் புட்டு வைத்தார். வெளிநாட்டு நன்கொடை டெல்லியில் ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வரவேண்டும். வாங்கியதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது. நிர்வாகச் செலவுக்கு முன்பு 50 சதவீதம் வரை அனுமதி, இப்போது 20. "ஃபாரின்ல இருந்து யாராவது அன்பா அனுப்புறேன்னு சொன்னா, பதிவு இல்லாத சபை வாங்கவே வாங்காதீங்க ஐயா" என்று ஆயர்களைப் பார்த்துக் கும்பிட்டார். பிடி அரிசியின் அருமை எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. அதற்கு எந்த லைசென்ஸும் வேண்டாம்.

கடைசியில் ஓய்வுபெற்ற மிஷனெரி ஒருவர் எழுந்து, "அனுப்புறதைப் பத்தியே பேசுறீங்க. திரும்பி வந்தவன் எங்க குடியிருப்பான்?" என்று கேட்டார். ஜெபிப்போம் என்றார்கள் மேடையில். எனக்கு அது பதிலாகப் படவில்லை.

அடுத்த கமிட்டியில் எல்லாவற்றையும் சொன்னேன். பிடி அரிசி என்றதும் பொருளாளர், "ஃபிளாட்டுல இருக்கிறவங்க அஞ்சு கிலோ பை ஆன்லைன்ல வாங்குறாங்க. இதுல பிடி அரிசியை வாங்கி யாரு வித்துக் கொடுப்பா?" என்று இழுத்தார்.

பெண்கள் ஐக்கியத் தலைவி விடவில்லை. "விக்கிறதை நாங்க பாத்துக்குறோம். நீங்க ரசீது மட்டும் ஒழுங்காப் போடுங்க ஐயா."