கையை நீட்டுங்கண்ணே

"கடைசியா எப்பண்ணே குடிச்சீங்க?"

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சித்திக்கு பிரஷர் மாத்திரை வாங்க நின்றபோது, டாக்டரம்மா ஒருவரிடம் இப்படிக் கேட்டது காதில் விழுந்தது.

டாக்டரம்மா திட்டவில்லை. (அந்த மனிதர் திட்டு வாங்கத் தயாராகத்தான் வந்திருந்தார்.) இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல் நடுங்குகிறதா என்று பார்த்தார். இதற்கு முன் வலிப்பு வந்ததா, ராத்திரியில் இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிகிறதா என்று மனைவியிடம் கேட்டார். தயமின் (வைட்டமின் பி1) ஊசி எழுதினார்.

வருஷக்கணக்கில் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். கோயிலில் கயிறு கட்டி "இன்னையோட விட்டுடு" என்று சத்தியம் வாங்கும் நமக்கு இது தெரிவதில்லை.

2019-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. இத்தனை பேருக்கும் மனநல மருத்துவர்களுக்கு எங்கே போவது? பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் காணொளி வகுப்பு வைத்து, ஊர்ப்புற எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கே இதைச் சொல்லித் தருவது அதனால்தான்.

சரி, நல்ல காரியம். ஆனால் வெளியே அவ்வளவு பெரிய வரிசை நிற்கும்போது, ஒருவரிடம் பத்து நிமிடம் பேச அந்த டாக்டருக்கு நேரம் எங்கே? பயிற்சி கொடுக்கிற கையோடு இன்னொரு டாக்டரையும் போடுங்கள் ஐயா.