அட்லஸ் ஒரு தடவை சுட 17 உருட்டல்

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக நானும் தம்பியும் பேட்டில்டெக் என்ற பொம்மைப் போர் மேசை ஆட்டத்தின் விதிப்புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். 1984இல் அமெரிக்காவின் ஃபாசா நிறுவனம் பேட்டில்டிராய்ட்ஸ் என்று வெளியிட்டு, அடுத்த ஆண்டே பெயர் மாற்றிய ஆட்டம். நாற்பது வருடம் தாண்டியும் குறி பார்ப்பது, கவசம், இயந்திரம் சூடேறுவது எல்லாம் பெரும்பாலும் அன்றைய முறைதான்.

அந்த உலகம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஐந்து பெரிய வம்சங்கள் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டதில் தொழிற்சாலைகள் அழிந்து, செய்முறைகள் மறந்து, தாத்தா ஓட்டிய மெக்கையே (ராட்சதப் போர் ரோபோ) பேரனும் ஒட்டுப்போட்டு ஓட்டுகிறான். ஒரு கை போனால் வேறு கை கிடைப்பதே பெரும்பாடு. இப்படி ஓர் உலகத்துக்குள் போக ஆசையாக உட்கார்ந்தால், விதிகள் நம்மைக் கணக்குப்பிள்ளையாக்கி வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன.

முதல் வாரம் ஆளுக்கு 4 மெக், விதி ஒன்றுகூட விடாமல் ஆடினோம். 4 மணி நேரத்தில் 5 சுற்று. ஒரு சுற்று என்பது 10 விநாடிச் சண்டை.

நேரம் எங்கே போகிறது என்று பார்க்க ஒரே ஒரு தடவை சுட்டதை எழுதி வைத்தேன். என் அட்லஸ் மெக் நடந்து வந்து, 6 ஹெக்ஸ் (அறுகோணக் கட்டம்) தூரத்தில் இருக்கும் தம்பியின் ஹஞ்ச்பேக் மெக்கைச் சுடுகிறது. பைலட்டின் சுடும் திறன் 4, நான் நடந்ததற்கு 1, அவன் 5 ஹெக்ஸ் ஓடியதற்கு 2, நடுவில் லேசான காடு 1, நடுத்தர தூரத்துக்கு 2. ஆக, குறி பட இரண்டு பகடையில் 10க்குக் குறையாமல் விழ வேண்டும். ஆனால் எல்ஆர்எம் என்ற நெடுந்தூர ஏவுகணைக்கு அதே 6 ஹெக்ஸ் கிட்டத்துத் தூரம், அதனால் அந்த 2 கிடையாது. அப்புறம், ரொம்பக் கிட்டே இருப்பதற்காக 1 கூடும். அதற்கு 9. முன்பக்க ஆயுதம் ஐந்துக்கும் ஐந்து உருட்டல். எல்லாம் பட்டால், எத்தனை ஏவுகணை பட்டது என்று அட்டவணை பார்க்க இரண்டு. அதில் 7 விழுந்தால் எல்ஆர்எம் 20இல் 12, எஸ்ஆர்எம் என்ற குறுந்தூர ஏவுகணை 6இல் 4. பட்ட அடிகள் எல்லாம் எங்கே விழுந்தன என்பதற்குத் தனித்தனியாக இன்னும் பத்து. மொத்தம் 17. இதெல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது தம்பி கேட்டான்: “அண்ணா, இப்ப யார் முறை?” எனக்கும் நினைவில்லை.

இரண்டாம் வாரம் ஆல்ஃபா ஸ்ட்ரைக் என்ற எளிய ஆட்டம். அதே உலகம், அதே பொம்மைகள், மெக்குக்கு ஓர் அட்டை. இரண்டு மணி நேரத்துக்குள் ஆட்டம் முடிந்தது. இருந்தும் மனசு நிறையவில்லை. முதல் வாரம் ஹஞ்ச்பேக்கின் தாளில் அடியைக் குறிக்கும் வலது மார்பு வட்டங்களைத் தம்பி பென்சிலால் ஒவ்வொன்றாகக் கருப்பாக்கிக்கொண்டே போனான். கடைசி வட்டமும் போனதும் அங்கிருந்த பெரிய பீரங்கியும் வலது கையும் சேர்ந்து போயின. இடது கையில் ஒரு லேசர், தலையில் ஒரு சின்ன லேசர், அவ்வளவுதான் மிச்சம். அதை எப்படியாவது உயிரோடு கரைசேர்க்க வேண்டுமென்று காட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினான். ஆல்ஃபா ஸ்ட்ரைக்கில் எந்தப் பாகத்தில் அடி என்ற கணக்கே கிடையாது. எண் குறைகிறது, மெக் விழுகிறது. வேகம் வேண்டும் என்பவர்களுக்கு அது நல்ல ஆட்டம். எனக்கு அந்தப் பென்சில் வட்டங்கள் வேண்டும்.

சரி, மூன்றாம் வாரம் நாங்களே கைவைத்தோம். மெக் தாளையும் சூடேறும் கணக்கையும் தொடவில்லை. நகர்ந்து முடித்ததும், அந்த மெக்கைச் சுடுபவருக்கு எவ்வளவு கூடும் என்பதை ஒரு பகடையில் திருப்பி பொம்மைக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறோம். ஆயுதத்துக்கு ஒரு நிறம் என்று பகடைகளைப் பிரித்து எல்லாவற்றையும் ஒரே வீச்சில் உருட்டுகிறோம். எல்ஆர்எம் 20 பட்டால் அட்டவணை பார்க்காமல் எப்போதும் 12.

எஸ்ஆர்எம்மில்தான் தப்பு செய்தோம். வேகத்துக்காக இரண்டிரண்டு ஏவுகணையாகச் சேர்த்து ஓரிடத்தில் விழ வைத்தோம். அந்த ஆயுதத்தின் பலமே கவசம் கிழிந்த இடங்களைச் சின்னச் சின்ன அடிகளால் துழாவி, உள்ளே இருக்கும் குண்டையோ எஞ்சினையோ தொடுவதுதான். பாதி அடிகள் குறைந்ததும் அது வெறும் மட்டமான பீரங்கி ஆகிவிட்டது. மூன்றாவது சுற்றிலேயே பழைய விதிக்குத் திரும்பினோம். அந்த நான்கு உருட்டலுக்கும் காரணம் இருக்கிறது.

மூன்றரை மணி நேரத்தில் 11 சுற்று, வெற்றி தோல்வியோடு முடிந்தது. தம்பி ஜெயித்தான், அதே ஹஞ்ச்பேக்கை வைத்து.

அடுத்து குண்டுக் கணக்கு. அதன் பீரங்கிக்கு இரண்டு டன், மொத்தம் 10 குண்டு. தாளில் கோடு போட்டு அடிக்க மறந்து இரண்டு முறை சண்டை வந்தது. இந்த வாரம் பல்லாங்குழிச் சோழி பத்தை எடுத்துத் தாளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சுட்டால் ஒன்று டப்பாவுக்குள்.