மக்களைக் காக்க

“எண்ணெய்னா அது கருத்து சார், மக்களைக் காக்கன்னா மட்டும் அது செய்தியா?” என்று டெஸ்கில் இருந்த அந்த இளைஞர் கேட்டபோது, எங்கள் நாளிதழின் முதல் பதிப்புப் பக்கம் அச்சுக்குப் போக இருபது நிமிடம்தான் இருந்தது. 2011 மார்ச் 19, சனிக்கிழமை இரவு. லிபியாவில் கிளர்ச்சியாளர்கள் வசமிருந்த பெங்காசி நகருக்கு வெளியே, அந்நாட்டை ஆண்ட கடாபியின் கவச வாகனங்களைப் பிரெஞ்சுப் போர் விமானங்கள் தாக்கிவிட்டன என்ற தகவல் வந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. ‘பெங்காசிக்காகவா, எண்ணெய்க்காகவா? லிபியாவில் பிரான்ஸ் குண்டுவீச்சு’ என்று அவர் தலைப்புப் போட்டிருந்தார். நான் அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, ‘மக்களைக் காக்க லிபியாவில் பிரான்ஸ் விமானத் தாக்குதல்’ என்று ப்ரூஃபின் ஓரத்தில் எழுதினேன்.

“மக்களைக் காக்கன்னு ஐ.நா. தீர்மானத்துல இருக்கு தம்பி. எண்ணெய்னு எந்தத் தீர்மானத்துல இருக்கு, காட்டுங்க” என்றேன். டெஸ்கில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் ப்ரூஃபை எடுத்துக்கொண்டு போய்த் திருத்தத்தைச் செய்தார். பக்கம் நேரத்துக்குப் போயிற்று. நள்ளிரவைத் தாண்டி, அமெரிக்க, பிரிட்டிஷ் கப்பல்களிலிருந்து 110-க்கும் மேற்பட்ட டோமஹாக் ஏவுகணைகள் ஏவப்பட்டதாகச் செய்தி வந்தபோது நகரப் பதிப்புக்கான துணைத் தலைப்பையும் அவர்தான் எழுதினார். அதில் நோக்கம் எதுவும் இல்லை. எண்ணிக்கை மட்டுமே இருந்தது.

நான் சொன்னது பொய் இல்லை. மார்ச் 17 அன்று நிறைவேறிய 1973-ஆம் எண் தீர்மானம், குடிமக்களைக் காக்கத் தேவையான எல்லா நடவடிக்கைகளையும் அனுமதித்தது. அந்நிய ஆக்கிரமிப்புப் படை எந்த வடிவிலும் கூடாது என்றும் சொன்னது. ஆனால் அதே தீர்மானத்தின் மீதான வாக்கெடுப்பில் 10 நாடுகள் ஆதரிக்க, ரஷ்யா, சீனா, ஜெர்மனி, பிரேசில் ஆகியவற்றோடு இந்தியாவும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. களத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு நம்பகமான தகவல் குறைவாகவே இருக்கிறது என்பது நம் தூதர் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்தச் செய்தியையும் முந்தைய நாள் நான்தான் பக்கத்தில் வைத்தேன். தூதரகமும் தூதர்களும் வைத்திருந்த ஓர் அரசு ‘எங்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை’ என்று சொன்ன விஷயத்தை, ஏஜென்சிச் செய்தி ஒன்றைத் தவிரக் கையில் எதுவும் இல்லாத நான், மேற்கோள் குறிகூடப் போடாமல் என் சொந்தச் சொல்லாக அச்சிட்டிருக்கிறேன். ‘மக்களைக் காக்க’ என்பதைச் சுற்றி இரண்டு குறிகளைப் போட்டிருந்தால் அது பிரான்ஸ் சொன்னதாக ஆகியிருக்கும். இடம் இல்லாமல் போகவில்லை. அந்த வரியில் இரண்டு எழுத்துக்கு மேல் வெற்றிடம் கிடந்தது எனக்கு நினைவிருக்கிறது.

அதற்காக அந்த இளைஞருடைய தலைப்பு சரியாகிவிடுமா என்று கேட்டுக்கொண்டால், ஆகாது என்றே இன்றும் தோன்றுகிறது. லிபியாவின் எண்ணெய்க்காக லிபியா மீது போர் தொடுக்க வேண்டிய தேவை அன்று ஐரோப்பாவில் யாருக்கும் பெரிதாக இருக்கவில்லை. 2003 இறுதியில் பேரழிவு ஆயுதத் திட்டத்தைக் கைவிடுவதாகக் கடாபி அறிவித்த பிறகு அவரே கடையைத் திறந்து வைத்திருந்தார். பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர் 2004-இல் நேரில் போய்க் கைகுலுக்கினார். 2007-இல் கடாபி பாரிசுக்கு வந்து கூடாரமே அடித்தார். நாளொன்றுக்குச் சுமார் 16 லட்சம் பீப்பாய் எடுத்துக்கொண்டிருந்த நாட்டில், போர் மூண்டதும் உற்பத்தி ஏறத்தாழ நின்றே போயிற்று. லிபிய எண்ணெயில் மிக அதிகமாக ஊறிப்போயிருந்த இத்தாலிதான் இந்தப் போருக்குத் தயங்கியது. எண்ணெய் என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாவற்றையும் அடக்குவது டீக்கடை அரசியல் என்று அன்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது.

ஆனால் இந்தக் காரணங்களில் ஒன்றைக்கூட அன்று நான் அந்த இளைஞரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரும் ஏதாவது சொல்லியிருப்பார். துனிசியாவில் மக்கள் எழுச்சியை ஒடுக்கப் பார்த்த அதிபர் பென் அலிக்குப் பிரெஞ்சுக் காவல்துறையின் திறமையைக் கொடுத்து உதவுவதாகப் பேசி அவமானப்பட்ட பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் பிப்ரவரி இறுதியில்தான் பதவி விலகியிருந்தார். அந்தக் கறையைத் துடைக்க பிரெஞ்சு அதிபர் சர்கோசிக்கு அவசரம் இருந்தது. அடுத்த ஆண்டு அவருக்குத் தேர்தல். இதெல்லாம் அன்றே எல்லோருக்கும் தெரிந்திருந்த செய்திகள். அந்த இளைஞருடைய கேள்விக்குறியை எடுக்காமல், ‘எண்ணெய்’ என்ற சொல்லை மட்டும் மாற்றச் சொல்லியிருக்கலாம். இருபது நிமிடத்தில் முடிகிற வேலைதான் அது.

பெங்காசியின் விளிம்புக்குள் அன்று காலையே டாங்கிகள் நுழைந்துவிட்டிருந்தன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வீடு வீடாக, சந்து சந்தாக வருவேன் என்று கடாபி தொலைக்காட்சியில் சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த ஊரில் பிரெஞ்சுக் கொடியைத் தொங்கவிட்டவர்களுக்கு சர்கோசியின் தேர்தல் கணக்கு பெரிதாகப் பட்டிருக்காது. இப்படி நினைக்கும்போது என் தலைப்பு பரவாயில்லை என்று தோன்றும். பிறகு ஏப்ரல் நடுவில் வந்த செய்தி நினைவுக்கு வரும். ஒபாமா, சர்கோசி, பிரிட்டிஷ் பிரதமர் கேமரன் மூவரும் கூட்டாக எழுதிய கட்டுரை அது. கடாபி அதிகாரத்தில் நீடிக்கும் லிபியாவை நினைத்துப் பார்க்கவே முடியாது என்றார்கள். காப்பது ஆட்சியை மாற்றுவதாக ஆகிவிட்டதை அவர்களே ஒப்புக்கொண்ட நாள். நான் அதை ஏழாம் பக்கத்தில் ஒற்றைப் பத்தியாக வைத்தேன். அந்தப் பக்கத்தின் ப்ரூஃபை என் மேசையில் கொண்டுவந்து வைத்தவர் அதே இளைஞர். ஒன்றும் சொல்லவில்லை. நானும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

2016 செப்டம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழு அறிக்கை வெளியிட்டது. குடிமக்களுக்கு இருந்த ஆபத்து மிகைப்படுத்தப்பட்டதை பிரிட்டன் கண்டுகொள்ளத் தவறியது என்றது. 2011-இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஹிலாரி கிளின்டனுக்கு அவருக்கு நெருக்கமான ஒருவர் அனுப்பிய மின்னஞ்சலையும் அது மேற்கோள் காட்டியது. பிரெஞ்சு உளவு அதிகாரிகளுடன் பேசியதாகச் சொல்லும் அந்த மின்னஞ்சலில் சர்கோசியின் நோக்கங்கள் ஐந்து. லிபிய எண்ணெயில் கூடுதல் பங்கு முதலாவது, உள்நாட்டில் தன் செல்வாக்கை உயர்த்திக்கொள்வது இன்னொன்று. அதைப் படித்த அன்று அந்த இளைஞருக்குத் தொலைபேசியில் பேச வேண்டும் என்று எண்ணினேன். அதற்குள் அவர் வேலையை விட்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. என்ன சொல்வது? எண்ணெய் ஒரு காகிதத்தில் இருக்கிறது, ஆனால் அது தீர்மானம் இல்லை, யாரோ யாரிடமோ கேட்டுச் சொன்னது என்றா? பேசவில்லை.

இடையில் இன்னொன்றும் நடந்தது. 2013 ஜனவரியில் பிரான்ஸ் மாலியில் படை இறக்கியது. கடாபி வீழ்ந்த பிறகு லிபியாவிலிருந்து ஆயுதங்களோடு கிளம்பியவர்களுக்கும் அங்கே மூண்டிருந்த கலவரத்தில் பங்கு இருந்தது. இந்த முறை நானே தலைப்பு எழுதினேன்: மாலியில் ‘பயங்கரவாதிகளை ஒடுக்க’ பிரான்ஸ் தாக்குதல். குறிகளைக் கவனமாகப் போட்டேன். எனக்கு மேலே இருந்தவர் முதல் பதிப்பின் பிரதியைப் பார்த்துவிட்டு, “இது எதுக்கு? நாம நம்பலைன்னு அர்த்தமாகுதே, எடுத்துருங்க” என்றார். எடுத்துவிட்டேன். முதல் பதிப்பு அதற்குள் வண்டியேறிவிட்டிருந்ததால், தென் மாவட்டங்களுக்கு அந்தத் தலைப்பு குறிகளோடும், சென்னைக்குக் குறிகள் இல்லாமலும் போய்ச் சேர்ந்தது.