கல்லீரலில் அடினோமா: மாத்திரையை நிறுத்தியதிலிருந்து ஆபரேஷன் வரை

பித்தப்பையில் கல் இருக்குமோ என்றுதான் கோபியில் ஸ்கேன் எடுத்தேன். பித்தப்பையில் ஒன்றுமில்லை, கல்லீரலின் இடப்பக்கத்தில் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் ஒரு கட்டி. நான் வீடு வந்து சேருவதற்குள் சொந்தபந்தம் பாதிக்குச் செய்தி போய்விட்டது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா ஒரு கை கீழாநெல்லியோடு வந்து, "மோர்ல அரைச்சுக் குடி அம்மிணி, கத்தி கித்தி வெக்க உட்றாத" என்றார். காமாலைக்குச் சொல்கிற வைத்தியம் அது, எனக்குக் காமாலையே இல்லை!

முதலில் காட்டிய இடத்தில் மறுநாளே ஊசி விட்டுச் சதை எடுக்கலாம் என்றார்கள். கோயமுத்தூரில் பார்த்த கல்லீரல் சர்ஜன் அதைத் தள்ளிவைத்தார். கேன்சர் இல்லாத கட்டிகளில் அதிகம் வருவது ஹெமாஞ்சியோமா, அது ரத்தக்குழாய் முடிச்சு, அடுத்தது எஃப்.என்.ஹெச்., அது கல்லீரல் செல்களே ஓரிடத்தில் முடிச்சாகப் பெருகுவது; இந்த இரண்டும் தொந்தரவு தராதவரை பெரும்பாலும் சும்மா விட்டுவிடலாம். மூன்றாவதான அடினோமாதான் வம்பு பிடித்தது, பெரிதானால் உள்ளேயே வெடித்து ரத்தம் கசியலாம், சிலருக்குக் கேன்சராகவும் மாறலாம். இதில் எது என்று முதலில் படத்திலேயே பார்ப்போம், ஊசி தேவைப்பட்டால் அப்புறம் என்றார்.

கல்லீரல் செல்கள் உறிஞ்சிக்கொள்கிற ஒரு மருந்தை நரம்பில் ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மருந்து ஏறி இருபது நிமிஷம் கழித்து எடுக்கும் படம்தான் முக்கியமாம். எஃப்.என்.ஹெச். அப்போதும் மருந்தைப் பிடித்து வைத்து வெளுப்பாகத் தெரியும், அடினோமா பெரும்பாலும் கறுத்துப்போகும். என் படத்தில் சுற்றியுள்ள ஈரலெல்லாம் வெளுத்திருக்க, கட்டி மட்டும் கறுப்பு. கல்லீரல் கேன்சருக்காகப் பார்க்கிற ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனை நார்மல்.

"கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று அப்போதுதான் கேட்டார். வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறேன். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைக்கும் அடினோமாவுக்கும் தொடர்பு உண்டு, நிறுத்தினால் சிலருக்குச் சுருங்கும். அதனால் மாத்திரையை நிறுத்தி, எடையைக் குறைத்து, ஆறு மாதம் கழித்து மறுபடி எம்.ஆர்.ஐ. பெண்களுக்கு அதற்குப் பிறகும் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் வெட்டி எடுப்பார்கள், ஆண்களுக்கு வந்தால் அளவு பார்ப்பதில்லை, எடுத்துவிடத்தான் சொல்வார்கள். ஆபரேஷனைவிட இந்தக் காத்திருப்புதான் எனக்குக் கொடுமை. வயிற்றில் சுருக்கென்றாலே வெடித்துவிட்டதோ என்று தோன்றும். திடீரென்று கடுமையான வலியோ மயக்கமோ வந்தால் நேராக எமர்ஜென்சிக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

சுருங்கவில்லை. சரி, ஆபரேஷன்.

கல்லீரலை எட்டுப் பகுதியாகப் பிரிக்கிறார்கள், என் கட்டி இடது ஓரத்து இரண்டாவது, மூன்றாவது பகுதிகளில். லேப்ராஸ்கோபிக்கு வாகான இடம். சின்னத் துளைகள் போட்டு வெட்டி, பையில் போட்டு, என் பழைய சிசேரியன் கோட்டையே திறந்து வெளியே எடுத்தார்கள், புதிதாகப் பெரிய தழும்பு இல்லை. விழித்தபோது வயிற்றைவிட வலது தோள்பட்டைதான் விண்விண் என்று வலித்தது. வயிற்றுக்குள் ஏற்றிய கேஸ் உதரவிதானத்தை உறுத்துவதால் அப்படியாம், எழுந்து நடக்க நடக்கக் குறைந்தது. வயிற்றுக்குள்ளிருந்து கசிவை வெளியே எடுக்கக் குழாயோடு மாட்டியிருந்த டிரெயின் பையை நர்ஸ் அக்கா தினமும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், பச்சை கலந்து வந்தால் பித்தநீர் கசிகிறது என்று அர்த்தம். எனக்கு வரவில்லை.

இன்ஷூரன்ஸ்காரர்களோடுதான் மல்லுக்கட்டு. கேன்சர் இல்லையென்றால் எதற்கு ஆபரேஷன் என்று கேட்டார்கள். இரண்டு எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டையும், ரத்தக்கசிவு ஆபத்தைக் குறிப்பிட்டு சர்ஜன் எழுதிய கடிதத்தையும் சேர்த்து அனுப்பிய பிறகுதான் அசைந்தார்கள். அந்தக் கடிதத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வெட்டி எடுத்த கட்டியின் பயாப்சி ரிப்போர்ட் வந்ததும் 'அடினோமா' என்ற வார்த்தையோடு நிறுத்தாதீர்கள். 'பீட்டா கேட்டனின்' என்கிற ஜீனில் மாற்றம் இருக்கிறதா என்று கேளுங்கள், கேன்சராகும் ஆபத்து அந்த வகையில்தான் அதிகம். எனக்கு இல்லை. இப்போது காப்பர்-டி போட்டிருக்கிறேன், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை இனி கிடையாது.