எலக்ட்ரான் நுண்ணோக்கியை இரவில் ஆளில்லாமல் ஓடவிடும்போது

புரதப் படிகங்களுக்கான எலக்ட்ரான் நுண்ணோக்கியைத் தானியங்கியாக்க முனைபவர்கள் பெரும்பாலும் படிகத்தைக் கண்டுபிடிக்கும் நிரலைத்தான் முதலில் எழுதுகிறார்கள். அது சீக்கிரமே முடிந்துவிடும். படிகங்களைத் தாங்கும் 3 மி.மீ. வலைத்தட்டான கிரிட்டைக் குறைந்த உருப்பெருக்கத்தில் முழுக்கப் படமெடுத்து, ஓரம் கூர்மையாக இருப்பவற்றைக் குறித்தாலே ராத்திரி முழுக்க ஓட்டுவதற்கான பட்டியல் கிடைக்கும். காரியம் கெடுவது அடுத்த படியில், படிகத்தின் உயரத்தில்.

மைக்ரோஈடி (நுண்படிக எலக்ட்ரான் விளிம்பு விளைவு) முறையில் படிகத்தைச் சாய்த்துக்கொண்டே, அதில் எலக்ட்ரான்கள் சிதறி உண்டாக்கும் விளிம்பு விளைவுப் புள்ளிகளைப் பதிவு செய்கிறோம். படிகம் சாய்வு அச்சிலிருந்து 2 மைக்ரோமீட்டர் மேலோ கீழோ இருந்தால், 60 டிகிரி சாயும்போது பக்கவாட்டில் சுமார் 1.7 மைக்ரோமீட்டர் நகர்ந்திருக்கும். பதிவு செய்யும் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் வட்டத் துளையின் விட்டம் 2 மைக்ரோமீட்டர்தான் என்றால் படிகம் அதைவிட்டு வெளியேறிவிடும். கேமரா படிகத்தைச் சுற்றி உறைந்த வெறும் பனியைப் பதிவு செய்துகொண்டிருக்கும். மென்பொருள் எந்தப் பிழையும் காட்டாது.

அதனால் ஒவ்வொரு படிகத்துக்கும் தனியாக உயரம் பார்க்க வேண்டும். கிரிட்டின் ஒரு கட்டத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதாது, கார்பன் படலம் வளைந்து கிடக்கும். முதலில் +10, −10 டிகிரியில் இரண்டு படங்கள். 1 மைக்ரோமீட்டர் பிழைக்கு அவற்றிடையே 0.35 மைக்ரோமீட்டர் நகர்வு தெரியும். திருத்திய பிறகு +30, −30இல் மறுபடியும் எடுத்தால் அதே அளவு பிழை முழு 1 மைக்ரோமீட்டர் நகர்வாகத் தெரியும். நேராக 30இல் தொடங்கக் கூடாது. பிழை பெரிதாக இருந்தால், நிரல் பக்கத்துப் படிகத்தை இதுவென்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும்.

இந்தத் தேடல் படங்களுக்கு மிகக் குறைந்த கதிர்ப்பொழிவு (படிகத்தின்மேல் விழும் எலக்ட்ரான்களின் அளவு) போதும்; பதிவுக்கே அதை மிச்சம் வைக்க வேண்டும். பதிவின்போது சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு விநாடிக்கு 0.01 எலக்ட்ரான், சாய்வு வேகம் விநாடிக்கு 0.5 டிகிரி என்று வைத்தால், −60இலிருந்து +60 வரை போக 240 விநாடி, சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு மொத்தம் 2.4 எலக்ட்ரான். இதற்குள்ளேயே நுண்விவரம் தரும் வெளிப்புறப் புள்ளிகள் மங்கத் தொடங்கிவிடும்.

படிகத்தைக் கழிப்பதில் தயவு காட்டவே கூடாது. ஒரே ஒரு சோதனைப் படம் எடுத்து, வெளிப்புறப் புள்ளிகள் இல்லையென்றால் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். 200 நானோமீட்டர் தடிப்பு 60 டிகிரியில் 400 ஆகிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 200 நானோமீட்டரைவிடத் தடித்தவற்றை அயனிக் கற்றையால் செதுக்கிவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. தொடக்கக் கோணத்தை எப்போதும் ஒரே திசையிலிருந்து, இரண்டு மூன்று டிகிரி தாண்டிப் போய்த் திரும்பி அணுகினால் பற்சக்கரத் தளர்வு தொல்லை தராது. படத்திலிருந்து விளிம்பு விளைவுக்கு மாறும்போதெல்லாம் லென்ஸ்களைச் சீராக்காவிட்டால் கற்றை மெல்ல விலகிப் போகும். திரவ நைட்ரஜன் நிரப்பும் நேரத்தில் பதிவை நிறுத்தி வைக்க வேண்டும்.

தகடு போன்ற படிகங்கள் எல்லாமே படலத்தின்மேல் படுத்துக் கிடக்கும். அப்போது 50 படிகங்களின் தரவைச் சேர்த்தாலும் தரவில் ஒரே கூம்பு வடிவப் பகுதி காலியாகவே நிற்கும். பதிவு ஓடும்போதே எக்ஸ்டிஎஸ் அல்லது டயல்ஸ் மென்பொருளில் ஒவ்வொன்றின் திசையையும் கணக்கிட்டு, தரவின் முழுமை ஏறவில்லையென்றால் அந்தக் கிரிட்டை நிறுத்திவிட்டு வேறு படலத்தில் புதிதாகத் தயாரிப்பதே நல்லது.