கானாவும் கானாவும்

எங்கள் சேகரத்திலிருந்து வருகிற ஜூனில் ரெண்டு பேர் மிஷனெரிப் பயிற்சிக்குக் கிளம்புகிறார்கள். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதில் ஒரு தம்பி வேப்பமரத்தடியில் என்னைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, என்னென்ன கொண்டு போகணும்?" என்றான். "முதல்ல பல் டாக்டரைப் போய்ப் பாரு" என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான்.

விளையாட்டு இல்லை. 2008-ல் நான் இதே பயிற்சிக்குக் கிளம்பும்போது வழியனுப்பு ஆராதனையில் நாலு சால்வை, மூணு வேதாகமம், ஒரு சுவர்க் கடிகாரம் கிடைத்தன. கடைவாய்ப் பல்லில் ஓட்டை இருந்ததை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மத்தியப் பிரதேசத்துக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம் கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. பல் டாக்டர் இருந்த ஊருக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். இந்தியில் வலிக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் கன்னத்தைக் காட்டி "ஆ" என்றேன். பிடுங்கிவிட்டார். "அடைக்க முடியுமா பாருங்கள்" என்று கேட்க எனக்கு மொழி இல்லை. அந்த இடம் இன்றைக்கும் காலிதான்.

அந்தத் தம்பிக்கு வேப்பமரத்தடியில் நின்று சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

விண்ணப்பத்தோடு சபைப் போதகரான ஐயரின் சிபாரிசுக் கடிதம், மருத்துவச் சான்று, பெற்றோர் சம்மதக் கடிதம் எல்லாம் கேட்பார்கள். அது ஒரு வேலையே இல்லை. நேர்முகம்தான் நான் நினைத்ததுபோல் இருக்கவில்லை. எனக்கு அழைப்பு வந்த கதையை மனப்பாடமாக வைத்திருந்தேன். கன்வென்ஷன் பந்தல், கடைசி நாள் ராத்திரி, கையைத் தூக்கியது, கண்ணீர். ரெண்டு நிமிஷத்தில் "போதும் தம்பி" என்றார்கள். அடுத்த கேள்வி, "கடன் இருக்கா?" அதற்கடுத்தது, "வீட்டுல பாத்திரம் கழுவியிருக்கீங்களா?"

படிப்புக் கடனில் முப்பத்தெட்டாயிரம் பாக்கி இருந்தது. அடைத்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கர்த்தர் கூப்பிட்டதை ஒரு பேங்க் பாஸ்புக் தடுக்கிறதா என்று எனக்கு ஆத்திரம். ஒரு வருஷம் தூத்துக்குடி உப்பளத்தில் கணக்கு எழுதி அடைத்தேன். பயிற்சியில் என்னோடு இருந்த ஒருவர் கடனை மறைத்துவிட்டு வந்திருந்தார். நாலாவது மாதம் கடன் கொடுத்தவர் அவருடைய அம்மா வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார் என்று போன் வந்தது. அன்று ராத்திரியே பெட்டியைக் கட்டினார். நல்ல ஊழியக்காரராக வந்திருப்பார். பாத்திரம் கழுவும் கேள்விக்கு நான் "ஆமா" என்று பொய் சொன்னேன். முதல் வாரமே அண்டா கழுவும் முறை வந்தபோது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

இனி மொழி. மற்றதெல்லாம் இதற்குக் கீழேதான்.

ஊரில் வாலிபர் கூட்டத்தில் நாற்பது நிமிஷம் நிறுத்தாமல் பேசுகிறவன் நான். கோடு போட்ட நோட்டில் இருபத்தேழு பிரசங்கக் குறிப்புகள் எழுதி எடுத்துப் போயிருந்தேன். பத்து மாதப் பயிற்சியில் ஒன்றைக்கூட எடுக்க வேண்டி வரவில்லை. காலை எட்டரை முதல் பதினொன்றரை வரை இந்தி வகுப்பு. இந்தி எழுதுகிற நாகரி எழுத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வார்த்தைகளைத் தமிழிலேயே எழுதிக்கொண்டேன். தமிழ்ப் பையன்கள் முக்கால்வாசிப் பேர் செய்கிற தப்பு இது. நமக்கு ஒரே ஒரு 'க'. அவர்களுக்கு நாலு: சாதாரணமாக ஒன்று, காற்றோடு ஒன்று, அழுத்தி ஒன்று, ரெண்டும் சேர்த்து ஒன்று. என் நோட்டில் சாப்பாட்டுக்கும் 'கானா', பாட்டுக்கும் 'கானா', ஒற்றைக்கண்ணனுக்கும் 'கானா'. அதைவிட மோசம், அடுத்த பக்கத்தில் பாவத்துக்கும் 'பாப்', அப்பனுக்கும் 'பாப்'. அந்த நோட்டை வைத்துக்கொண்டு பிரசங்கம் பண்ணியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிரசங்கம் பண்ண விடவில்லை, நல்லவேளை. ஆனால் ஆறாவது வாரம் ஒரு வீட்டு ஜெபத்துக்குக் கூட்டிப்போன ஆசிரியர், "ஒரு வாக்கியம் நீ சொல்லு, எல்லாரும் சேர்ந்து பாட்டுப் பாடுவோம்னு சொல்லு, போதும்" என்றார். எழுந்து நின்று சொன்னேன். என் வாயில் வந்தது காற்றும் இல்லாத, அழுத்தமும் இல்லாத நம்மூர் 'க'. அவர்கள் காதில் அது 'எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம்' என்று விழுந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கார அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் மாவு பிசைகிற சத்தம். பதினாலு பேர் இருந்தோம். பக்கத்து வீட்டுக்கு ஒரு பெண்பிள்ளை கிண்ணத்தோடு ஓடியதை நான் பார்த்தேன். ஆசிரியர் என் பக்கம் திரும்பவே இல்லை. சுடச்சுட ரொட்டியும் பச்சைமிளகாய்ச் சட்னியும் வந்தன. எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாள் ஆசிரியர் என்னைச் சமையல்கார அக்காவின் மகளிடம் ஒப்படைத்தார். இரண்டாம் வகுப்புப் பிள்ளை. செய்தித்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து என் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். சாப்பாட்டுக் 'கானா' சொன்னால் காகிதம் பறக்க வேண்டும். பாட்டுக் 'கானா'வுக்கு அசையக் கூடாது. பறக்க வேண்டிய இடத்தில் அசையாது, அசையக் கூடாத இடத்தில் என் எச்சில் தெறிக்கும். அவளுக்குச் சிரிப்புத் தாங்காது. மூன்று வாரம், தினமும் சாயங்காலம், அடுப்படித் திண்ணையில். பழைய நோட்டை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டு நாகரியில் புது நோட்டு ஆரம்பித்தேன்.

அந்தத் திண்ணையில்தான் சீகன்பால்குவின் ஞாபகம் அடிக்கடி வந்தது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய அந்த ஜெர்மானியர் தமிழ் கற்றுக்கொள்ளப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதினார் என்று ஞாயிறு பள்ளியில் நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர் என்று கை தட்டியிருக்கிறோம். அந்த மணலில் அவர் எத்தனை தடவை ழகரத்தைக் கொலை பண்ணியிருப்பார், அந்தப் பிள்ளைகள் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஆகவே தம்பி, கிளம்புமுன் இருக்கிற இந்த மூன்று மாதத்தில் நாகரி எழுத்தைப் படி. பிரசங்கக் குறிப்பு வேண்டாம்.

என் அறையில் கூட இருந்தவன் மிசோரம்காரன். என் நல்லெண்ணெய் வாடை அவனுக்குக் குமட்டும், அவனுடைய காய்ந்த மீன் வாடை எனக்கு. அவனுக்கு ராத்திரி பத்தரைக்கு மேலும் விளக்கு வேண்டும், எனக்கு இருட்டு வேண்டும். ஜெபத்தில் ஒருவரையொருவர் மறைமுகமாகக் குத்துகிற அளவுக்குப் போயிற்று. "ஆண்டவரே, சிலருக்குப் பொறுமையைத் தாரும்" என்று சத்தமாக வேறு. ஒரு நாள் அரிசி பொறுக்கும் முறை எங்கள் ரெண்டு பேருக்கும் சேர்ந்து வந்தது. அவன் ஒரு பிடி அள்ளித் தனியாக வைத்தான். என்ன என்றேன். அவர்கள் ஊரில் ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று எடுத்து வைப்பார்களாம், 'பூஃபாய் தம்' என்று பெயராம். சபை அதைச் சேர்த்து விற்று மிஷனெரிகளை அனுப்புகிறது. எங்கள் ஆச்சி பானைக்குப் பக்கத்தில் பிடியரிசிக் கலயம் வைத்திருந்ததை நான் சொன்னேன். 1903-ல் திருநெல்வேலிச் சபையார், பின்னாளில் பிஷப்பான வேதநாயகம் அசரியாவோடு சேர்ந்து சொந்தமாக மிஷனெரிச் சங்கம் ஆரம்பித்துத் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பிய கதையும் சொன்னேன். அவர்கள் ஊருக்கு முதல் மிஷனெரிகள் 1894 ஜனவரி 11-ல் வந்தார்கள், அந்த நாள் அங்கே விடுமுறை என்றான். அன்றைக்கு அரிசியில் கல் நிறையத் தப்பிவிட்டது. விளக்குச் சண்டை அதற்கப்புறமும் நடந்தது, ஆனால் ஜெபத்தில் நடக்கவில்லை.

சட்ட வகுப்பைத் தூங்கிக் கழிக்காதே. வக்கீல் ஒருவர் வந்து நாலு நாள் எடுத்தார். அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமை தருகிறது. அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-ல் ஸ்தனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டாயப்படுத்தியோ ஆசை காட்டியோ மதம் மாற்றுவதைத் தடுக்க மத்தியப் பிரதேசத்தில் 1968 முதலே சட்டம் உண்டு, 2021-ல் அதைவிடக் கடுமையானது வந்திருக்கிறது. நான் போனபோது இருந்ததைவிட இப்போது நிறையக் கவனம் வேண்டும். காசு, மருந்து, பள்ளிச் சேர்க்கை எதையும் விசுவாசத்தோடு முடிச்சுப் போடாதே. சட்டம் இல்லாவிட்டாலும் அது அசிங்கம்தான்.

இதோடு சேர்ந்தது ஜெபக் கடிதம். காணிக்கை அனுப்பித் தாங்குகிறவர்களுக்கு மாதாமாதம் எழுத வேண்டும். என் முதல் கடிதத்தில் 'நூற்றுக்கணக்கானோர் ஆவலோடு கேட்டனர்' என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, "எண்ணினியா?" என்று கேட்டார். ஞாபகப்படுத்தி எண்ணினேன். பதினேழு பேர், அதில் ஆறு குழந்தைகள், ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். 'பதினேழு பேர் இருந்தார்கள்' என்று எழுதி அனுப்பினேன். அந்த மாதம் எனக்குக் காணிக்கை குறைந்ததாகத் தெரியவில்லை.

குளிர் பற்றி ஒரு வார்த்தை. திருநெல்வேலிக்காரனுக்கு ஸ்வெட்டர் என்றால் ஊட்டி டூருக்கு வாங்கியது. டிசம்பரில் அது கைக்குட்டைக்குச் சமம். போர்த்த ரஜாய் (பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) அங்கேயே வாங்கிக்கொள், இங்கிருந்து சுமக்காதே. மலேரியா வந்தால் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடாதே. எனக்கு வந்தது வைவாக்ஸ் வகை, கிருமி ஈரலில் பதுங்கிக்கொள்ளும். அதைக் கொல்லும் மாத்திரை பதினாலு நாள். நான் ஆறாம் நாள் நிறுத்தினேன். ரெண்டு மாதம் கழித்து அதே நடுக்கம், அதே கட்டில்.

கடைசியாகக் கிராமத் தங்கல். சத்புரா மலைப்பக்கம் கோண்டு பழங்குடி மக்கள் ஊர் ஒன்றில் ஒரு மாதம் விட்டுவிடுவார்கள். பிரசங்கம் கூடாது, துண்டுப் பிரதி கூடாது, அவர்கள் வேலையில் கூட நிற்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு வாய்த்தது மார்ச் கடைசி, மஹுவா பூ உதிரும் காலம். விடியுமுன் கூடையோடு மரத்தடிக்குப் போய்விடுவார்கள். முதல் நாள் கீழே கிடந்த பூவை எடுத்து வாயில் போட்டதும் தித்தித்தது. நம்ம இலுப்பை. ஆலை இல்லாத ஊருக்குச் சர்க்கரை என்பார்களே, அதே பூதான்.

நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டிக்கு இந்தி கொஞ்சம்தான் வரும். எனக்கும் கொஞ்சம்தான். அதனால் பேச்சு குறைவு, பொறுக்குவதுதான் அதிகம். ஒரு காலை கூடைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்: "உந்தி, ரண்டு, முண்டு, நாலுங், சய்யுங், சாருங்..." எனக்குக் கை நின்றுவிட்டது. கோண்டி நம் மொழிக் குடும்பம் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள், பரீட்சைக்கு எழுதியும் இருந்தேன். காதில் விழுவது வேறு. அதே கூடைகளைத் தொட்டுத் தொட்டு நான் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்றேன். கண்ணைத் தொட்டாள், "கண்" என்றாள். கையைக் காட்டினாள், நான் முந்திக்கொண்டு "கை" என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, அரைகுறை இந்தியில், எந்தக் காட்டுக்காரன் நீ என்று கேட்டாள். காடு இல்லை, கடலோரம், ரயிலில் ரெண்டு நாள் என்றேன். அவ்வளவு தூரம் போய் எதற்குக் குடியிருக்கிறீர்கள் என்றாள். பதில் சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனோம்.